மூன்றாவது கூவல்

புச்கோர்ப் கோட்டைக்காரர் கெராவ் என் அப்பாவின் இடது கையில் இரண்டு விரல்களை உடைத்தவர். அந்த வருஷம் கஷ்கொட்டை சரியாகக் காய்க்கவில்லை. கோட்டைக்குப் போக வேண்டிய பங்கு குறைந்துபோனது. கெராவ் குதிரையிலிருந்து இறங்கினார். எங்கள் வாசற்படியில் கையை வைக்கச் சொன்னார். கோடரியைத் திருப்பிப் பிடித்து, காம்பால் அடித்தார். இரும்புப் பக்கத்தால் அடிக்காததற்கு அப்பா அவருக்கு நன்றி சொன்னார். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னால் பாதிரியாரின் தயவில் லெய்தா நகரத்துக்குச் சட்டம் படிக்கப் போனேன். எங்கள் குடும்பத்தில் எழுத்து அறிந்த முதல் ஆள் நான்தான். ஒரு பிரபு தன் நிலத்துக் குடியானவனை அடிக்கலாம், அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று அங்கே படித்தேன். அப்பா வாங்கிய அடி சட்டப்படி செல்லும் என்பதுதான் படிப்பு எனக்கு முதலில் தெரியப்படுத்திய விஷயம்.

லெய்தாவுக்குப் போக கெராவின் அனுமதி வேண்டியிருந்தது. அவர் நிலத்தில் பிறந்தவன் அவர் சொல்லாமல் ஊரை விட்டுப் போக முடியாது. பாதிரியார் போய்க் கேட்டபோது அவர் சொன்னாராம்:

"பொனனாத் மகனா? ஏர் பிடிச்சா கோணலா போவுது அவனுக்கு. ஏடாவது பிடிக்கட்டும், போகச் சொல்லுங்க."

பொனனாத் என்பது என் அப்பா. உடைத்ததும் அனுமதித்ததும் ஒரே கைதான். இந்த மனிதரைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் திரும்பவும் விரலில்தான் வந்து நிற்கிறேன். ஆனால் அவருடைய கதை விரலில் தொடங்கவில்லை. அவருடைய அண்ணனில் தொடங்குகிறது.

புச்கோர்ப் கோட்டை அவர்கள் குடும்பத்துடையது. ஆனால் கோட்டைக்கு மேலே ஒரு பிரபு உண்டு. அவர் எப்போது "அதிகாரம் கொடு" என்று கேட்டாலும், கோபத்தில் கேட்டாலும் சும்மா கேட்டாலும், கோட்டைக்காரன் மறுக்கக் கூடாது. தன் வீட்டு ஆட்கள், நாய், கோழி வரை எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு எல்லைக்கல்லைத் தாண்டிப் போய்விட வேண்டும். பிரபுவின் ஆள் கோபுரத்தில் ஏறி பிரபுவின் பெயரை மூன்று முறை கூவுவான். மூன்றாவது கூவலோடு கோட்டையும் அதன் எல்லைக்குள் இருக்கும் மண்ணும் பிரபு கைக்குப் போய்விடும். பத்தாம் நாள் திருப்பிக் கொடுப்பார்கள். அதற்கு முன்னால் கோட்டைக்காரன் ஆயுதத்தோடு எல்லைக்குள் காலெடுத்து வைத்தால் அது பவுசியா. சொந்தப் பிரபுவுக்குச் செய்கிற துரோகத்துக்கு எங்கள் மலையில் இருக்கிற சொல். செய்தவன் பவுசதோர். பவுசதோருக்கு நிலம் இல்லை, சாட்சி இல்லை, காவல் இல்லை. அவனைக் கொன்றவனை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

கெராவின் அண்ணன் பொன்ஸ் ஒரு தடவை கதவைத் திறக்க மறுத்தார். "இது எங்க தாத்தா கட்டின கதவு" என்று மதில்மேல் நின்று சொன்னாராம். பழைய பிரபு கோட்டையை வளைத்தார். உள்ளே இருந்தவர்கள் பசியில் தோல் வாரைக் காய்ச்சிக் குடித்தார்கள். கடைசியில் பொன்ஸை இறக்கிக் கொண்டுவந்து, ஒரு கோவேறு கழுதையின் பின்னால் கட்டி, கீழ்ச் சந்தையிலிருந்து மாதா கோயில் வரைக்கும் இழுத்தார்கள். கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு முகம் என்று ஒன்று இல்லை. அப்போது கெராவ் பழைய பிரபுவின் லாயத்தில் வேலை பழகுகிற இளைஞர். அன்று சாயங்காலம் அந்தக் கழுதைக்குத் தண்ணீர் காட்டியது அவர்தான்.

மறுநாள் பிரபு அவரைக் கூப்பிட்டு மண்டியிடச் சொன்னார். அவருடைய இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் வாங்கிக்கொண்டு, வழக்கப்படி வாயில் முத்தமிட்டு, அண்ணனுடைய கோட்டையைத் தம்பிக்குக் கொடுத்தார்.

"அண்ணன் மாதிரி இருக்க மாட்டியே?"

"மாட்டேன் பிரபு."

அதற்குப் பிறகு கெராவின் வாழ்க்கையில் ஒரே ஒரு பயம்தான் இருந்தது. சாவுக்கு அவர் பயந்ததில்லை. பக்கத்துப் பிரபுக்களோடு நடந்த சண்டைகளில் அவர் செய்தவை எல்லாம் ஊருக்குத் தெரியும். வைக்கோல் போரை எரித்தார். திராட்சைக் கொடிகளை வேரோடு வெட்டினார். ஒருமுறை, ஆடு திருட வந்த இரண்டு பேரின் மூக்கை அறுத்து, "போய் உங்க எஜமானுக்கு மோந்து காட்டுங்க" என்று அனுப்பினார். அவர் நெற்றியில் ஒரு வெட்டுக் குழி இருந்தது, மழைக்காலத்தில் அது சிவக்கும். இப்படிப்பட்ட மனிதர், பிரபுவின் கொம்பு அடிவாரத்தில் ஊதினால் போதும், கொம்பின் எதிரொலி அடங்குவதற்குள் குடும்பத்தோடு எல்லைக்கல்லுக்கு வெளியே நிற்பார். பிரபு கேட்டபோதெல்லாம் கொடுத்தார். மழையில் கொடுத்தார். மகள் காய்ச்சலில் கிடந்தபோது கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். பவுசதோர் என்ற சொல் தன் வீட்டுக்குள் இன்னொரு தடவை வரக் கூடாது.

மற்ற கோட்டைக்காரர்கள் சிரித்தார்கள். "கெராவ் வீட்டுக் கோழிக்குக்கூட மூட்டை கட்டத் தெரியும்" என்பது எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு பழமொழியே ஆகிவிட்டது.

அவர் மனைவி சவுரினா, அவர் எரித்த வைக்கோல் போர்களில் ஒன்றுக்குச் சொந்தக்காரரின் மகள். சண்டையை முடிக்கத்தான் அந்தக் கல்யாணம் நடந்தது. விருந்தில் யாரோ சீர்வரிசை குறைச்சல் என்று முணுமுணுத்தபோது மணப்பெண்ணே சத்தமாகச் சொன்னாராம்: "பாதிச் சீரை மாப்பிள்ளை போன வருஷமே எரிச்சிட்டாரு. மீதிதான் இது." கெராவ் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒருமுறைதான் என்று சொல்வார்கள். நம்புகிறேன். அவர் சிரிக்க வேண்டும் என்றால் சவுரினாவால்தான் சிரிக்க வைத்திருக்க முடியும்.

மூத்த மகன் அர்னாவ். பிறகு இரண்டு பெண்கள். ஒருத்தி மடத்துக்குப் போனாள், இன்னொருத்தி புகுந்த வீட்டில் முதல் பிரசவத்திலேயே இறந்தாள். எல்லாம் ஓய்ந்தபிறகு, சவுரினாவுக்குத் தலை நரைக்கத் தொடங்கியபிறகு, ஒரு பையன். அதற்குள் பழைய பிரபு இறந்து அவர் மகன் ஊகெட் பிரபுவாகியிருந்தார். அவரே குழந்தைக்கு ஞானத்தந்தையாக நின்றார். அதனால் குழந்தைக்கும் ஊகெட் என்றே பெயர். பிரபுவின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தால் பிரபுவின் நிழல் வீட்டில் இருக்கும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. கெராவ் அந்தச் சின்னவனைத் தோளில் வைத்துக்கொண்டு மதிலைச் சுற்றி வருவார். கோபுரத்திலிருந்து காவல்காரர்கள் "ஊகெட்! ஏய் ஊகெட்!" என்று கூப்பிட்டு ஒரு ஆப்பிளைக் கீழே போடுவார்கள். அவன் ஓடிப்போய்ப் பொறுக்குவான்.

அர்னாவ் அப்பாவை வெறுத்தான். வளர்ந்தபிறகு அதை மறைக்கவும் இல்லை. ஒரு பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் பேதுரு சந்தையில் அது வெடித்தது. மறுபக்கத்துக் கோட்டைக்காரர் கொம்பாவ். அவர் மகன் பெரெங்கெர் திராட்சை ரசப் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டான்:

"என்ன அர்னாவ், உங்க கோழிங்க எல்லாம் சௌக்கியமா? இந்த வாரம் மூட்டை கட்டலையா?"

சுற்றி இருந்தவர்கள் கொக்கரித்துக் காட்டினார்கள். அர்னாவ் தன் கையுறையைக் கழற்றி அவன் காலடியில் எறிந்தான். சண்டைக்கு அறிவிப்பு. அறிவித்தவன் பத்து நாள் காத்திருக்க வேண்டும் என்பது எங்கள் மலையில் ஆடு மேய்ப்பவனுக்கும் தெரியும். அர்னாவ் ரொட்டி தின்று முடிக்கும் நேரம்கூடக் காத்திருக்கவில்லை. ஈட்டியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான். பெரெங்கெர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். ஈட்டி கழுத்தில் இறங்கி, பின்னால் இருந்த பீப்பாயில் குத்தி நின்றது. பையன் விழவில்லை, ஈட்டியிலேயே தொங்கினான். அவன் காலடியில் ஓடியது எது ரத்தம் எது ரசம் என்று தெரியவில்லை. கொக்கரித்தவர்கள் ஒருவரும் அசையவில்லை.

கொம்பாவ் அழவில்லை. முறைப்படி நடந்தார். கெராவ் குடும்பத்துக்கு ஆளனுப்பிச் சண்டையை அறிவித்தார். பிரபுவிடம் போய் முறையிட்டார். கெராவ் முறை தவறியவனின் அப்பா என்பதால், பிரபு ஊகெட் அவரிடம் அதிகாரம் கேட்டு ஆளனுப்பினார். பிரபுவின் ஆள் வந்து சேர்ந்த நாளும், கொம்பாவ் காத்திருக்க வேண்டிய கெடு முடிந்த நாளும் ஒன்றாக அமைந்துவிட்டன. யார் அப்படி அமைத்தார்கள் என்று தெரியாது. கொம்பாவாக இருக்கலாம். அவர் பொறுமைசாலி.

எல்லைக்குள் இருக்கும்வரை மதில் காக்கும். எல்லைக்கல்லைத் தாண்டினால், கொம்பாவ் ஆயுதத்தோடு காத்திருப்பார், சட்டமும் அவர் பக்கம். தாண்டாவிட்டால் பவுசியா. கோட்டை இடிக்கப்படும்.

அன்று காலை கோட்டை முற்றத்தில் சாமான் தூக்க அப்பாவையும் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் படிப்பை முடித்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எல்லோரும் ஓடிக்கொண்டிருந்த அந்த முற்றத்தில் அர்னாவ் மட்டும் கதவின் குறுக்குக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கதவை மூடுங்கப்பா. ஒரே ஒரு தடவை மூடுங்க."

"கட்டையை விடு."

"வெளியில கொம்பாவ் நிக்கிறான். எட்டுக் குதிரை. கஷ்கொட்டைத் தோப்புல. நான் பார்த்தேன்."

"நானும் பார்த்தேன்."

"பார்த்துட்டுத்தான் கோழியைப் பிடிச்சுக் கூடையில போடுறீங்களா?"

கெராவ் அவன் முகத்தில் ஓங்கி அறைந்தார். அர்னாவின் உதடு கிழிந்தது. அவன் துடைக்கவில்லை.

"உன்னைப் பெத்ததுக்கு நான் சண்டை போடுவேன்," என்றார் கெராவ். "கல்லுக்கு அந்தப் பக்கம் போட்டுக்குறேன். இந்தப் பக்கம் நின்னு போட்டா உனக்கு இந்தக் கதவே இருக்காதுடா. உன் பெரியப்பா முகத்தைப் பார்த்திருக்கியா?"

"முகம்தான் இல்லையே."

"அதான் சொல்றேன்."

சவுரினா கழுதைமேல் ஏறிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு பேரும் சாகறதுன்னா சீக்கிரம் கிளம்புங்க. எங்க அண்ணன் வீட்டுக்குப் போயி நான் சமைக்கணும்." யாரும் சிரிக்கவில்லை. சின்னவன் ஊகெட் அவர் மடியில் உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தான்.

என்னைக் கடந்து போகும்போது கெராவ் நின்றார். "லெய்தாக்காரா, சட்டம் என்ன சொல்லுது? கல்லுக்கு அந்தப் பக்கம் அவன் என்னைக் கொல்லலாமா?"

"கொல்லலாம் ஐயா."

"நான் அவனை?"

"நீங்களும்."

"போதும்," என்றார்.

நாங்கள் இறங்கினோம். முன்னால் கெராவும் அர்னாவும் சங்கிலிச் சட்டையோடு, கால்நடையாக. குதிரைகளைப் பின்னால் பிடித்து வரச் சொல்லியிருந்தார்கள். நடுவில் வேலைக்காரர்கள், கூடைகள், நாய். அதற்குப் பின்னால் சவுரினாவின் கழுதை. கடைசியில் மெத்தையைச் சுமந்துகொண்டு அப்பாவும் நானும். பிரபுவின் ஆட்கள் எங்களுக்கு எதிரே மேலே ஏறினார்கள். கூவுகிறவன் ஒலிவெர். கோட்டைக்கு ஆட்டுத் தோல் வாங்க வருகிறவன், எல்லோருக்கும் தெரிந்தவன். போகிறபோக்கில் சின்னவனின் தலையைத் தடவிவிட்டுப் போனான்.

எல்லைக்கல் ஒரு பழைய சிலுவைக் கல். அதற்கு அப்பால் தோப்பின் ஓரத்தில் கொம்பாவின் குதிரைகள் நின்றன. கெராவும் அர்னாவும் கல்லைத் தாண்டி நின்றார்கள். சவுரினாவின் கழுதையும் தாண்டியது. நாங்கள் மட்டும் இன்னும் உள்ளே, கல்லுக்குச் சற்று மேலே. நாங்கள் நிலத்தோடு சேர்ந்தவர்கள். எங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

முதல் கூவல் வந்தது. "ஊ...கெட்!"

மலையில் அது உருண்டு வந்தது. சின்னவன் நிமிர்ந்தான்.

"அம்மா, என்னைக் கூப்பிடுறாங்க."

"உன்னை இல்லடா. சும்மா இரு."

கொம்பாவ் தன் குதிரையை இரண்டு அடி முன்னே நகர்த்தினார். எல்லோருடைய கண்ணும் அவர்மேல் இருந்தது. சவுரினாவின் கண்ணும்.

"ஊ...கெட்!"

"இதோ வர்றேன்!" என்று கத்தினான் பையன். கழுதையிலிருந்து நழுவி இறங்கினான். எங்களைக் கடந்து, என் முழங்காலில் இடித்துக்கொண்டு, கோபுரத்தைப் பார்த்து ஓடினான். ஆப்பிள் போடுவார்கள் என்று நினைத்திருப்பான். அப்பா மெத்தையைப் போட்டுவிட்டு அவனைப் பிடிக்கப் பார்த்தார். உடைந்த விரல்கள் பிடிக்கவில்லை. சட்டைத் துணி நழுவிப் போனது.

அதன்பிறகு எல்லாம் ஒன்றாக நடந்தது. கொம்பாவின் அக்காள் மகன், மீசை அரும்பாதவன், ஈட்டியைத் தாழ்த்திக்கொண்டு குதிரையைப் பாய்ச்சினான். கெராவைக் குறி வைக்கவில்லை. அவரையும் அர்னாவையும் சுற்றிக்கொண்டு, கல்லைத் தாண்டி, மேலே, குழந்தைக்குப் பின்னால். மகனுக்கு மகன் என்று நினைத்திருப்பான். கொம்பாவ் "டேய், நில்லுடா! உள்ளே போகாத!" என்று கத்தியது எனக்குக் கேட்டது. குதிரைகள் கனைத்தன. சவுரினா கத்தினார். அந்தச் சத்தத்துக்குள் எங்கேயோ மூன்றாவது கூவல் வந்தது. அல்லது வரவில்லை. எனக்கு இன்றுவரை நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. மலை இரண்டாவது கூவலையே திருப்பிச் சொல்லியிருக்கலாம்.

கெராவ் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றார். அவர் நின்றதை நான் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஒருவன் மூச்சை இழுத்து விடுகிற நேரம். கையில் வாள் இருந்தது. கோபுரத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே ஓடினார்.

கீழே கிடந்த எங்கள் மெத்தையில் மிரண்ட குதிரை பையனை நெருங்குவதற்குள் அவர் குறுக்கே விழுந்தார். வாளால் குதிரையின் பின்னங்காலை வெட்டினார். குதிரை அலறிக்கொண்டு சரிந்து, மேலே இருந்தவனின் காலை நசுக்கியது. அவன் ஈட்டியை விட்டுவிட்டு, "மாமா! மாமா!" என்று கொம்பாவைக் கூப்பிட்டான். கெராவ் அவன் மார்பில் முழங்காலை வைத்து உட்கார்ந்தார். வாள் குதிரைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்து அவன் வாயில் அடித்தார். கூப்பிடுவது நிற்கும்வரை அடித்தார். நின்றபிறகும் இரண்டு தடவை அடித்தார். சின்னவன் அங்கிருந்து நகராமல், வாயைத் திறந்தபடி தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கீழே, மற்றவர்கள் அர்னாவின் மேல் விழுந்திருந்தார்கள். அவன் ஒருவனைக் குத்தினான், இன்னொருவனின் குதிரைக்கு அடியில் விழுந்தான். அவன் வலது கை மணிக்கட்டோடு போனது. பிரபுவின் ஆட்கள் கொம்பை ஊதிக்கொண்டு இறங்கி வந்துதான் அவனைப் பிரித்தெடுத்தார்கள்.

ஒலிவெர் கோபுரத்திலிருந்து இறங்கி வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது. "கெராவ் ஐயா, நீங்க உள்ளே இருக்கீங்க," என்றான், ஏதோ மறந்துபோனவருக்கு ஞாபகப்படுத்துவது போல.

கெராவ் கல்லைக் கீழே போட்டார். "ஆமா."

விசாரணை புனித ஃபெலிவ் கோயிலில் நடந்தது. வழக்கு ஒரே கேள்வியில் வந்து நின்றது. மூன்றாவது கூவலுக்கு முன்னால் கெராவ் உள்ளே வந்திருந்தால், கோட்டை இன்னும் கைமாறவில்லை. தன் மண்ணில் தன் மகனைக் காத்தார், குற்றமே இல்லை. பின்னால் வந்திருந்தால், பிரபுவின் மண்ணில் ஆயுதத்தோடு நுழைந்து கொலை செய்தவர்.

கொம்பாவ் மூன்று கேட்டது என்று சத்தியம் செய்தார். ஆனால் அவர் எதிரி; எதிரியின் சாட்சி பாதிதான். ஒலிவெர் மண்டியிட்டு, "பையன் ஓடி வர்றதைப் பார்த்தேன் பிரபு. பயந்துட்டேன். மூணாவது வாயில வந்துச்சா, தொண்டையிலயே நின்னுச்சான்னு தெரியல," என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். குடியானவன் சாட்சி செல்லாது; மீதி இருந்தது கெராவின் வாய்தான். பீடத்தின்மேல் கையை வைத்து அவர் சொல்வது செல்லும்.

முந்தின நாள் அர்னாவ் என்னை வரவழைத்திருந்தான். கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சவுரினாவும் இருந்தார். வழக்கின் சட்டத்தைத் தன் அப்பாவுக்குத் தெளிவாகச் சொல்லும்படி கேட்டான். நான் சொன்னேன். கெராவ் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு," என்றான் அர்னாவ். "ஒரு வார்த்தைப்பா. ரெண்டு. கோட்டை நமக்கு. உங்க பேரு சுத்தம். இதுக்குத்தானே இவ்வளவு நாளா கோழியைச் சுமந்தீங்க?"

கெராவின் நெற்றிக் குழி சிவந்திருந்தது.

"ஒலிவெருக்கே தெரியல," என்றார் சவுரினா. "கடவுளுக்கும் அந்தக் கூச்சல்ல கேட்டிருக்காது. சொல்லிட்டு வாங்க, போதும்."

பிரபு ஊகெட்டும் அதைத்தான் விரும்பினார். கோயிலில் எல்லோருக்கும் அது புரிந்தது. அவருக்கு நல்ல கோட்டைக்காரன் ஒருவன் வேண்டும். பையன் அவருடைய ஞானப்பிள்ளை. கேள்வியையே பதில் மாதிரிக் கேட்டார்.

"கெராவ், நீ உள்ளே ஓடினப்போ என் பேரை ரெண்டு தடவைதானே கூவியிருந்தாங்க?"

கெராவ் பீடத்தில் கையை வைத்தார். அந்தப் பெரிய கை, தடித்த விரல்கள். நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூணு," என்றார்.

கோயிலில் யாரோ இருமினார்கள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. சத்தமா இருந்துச்சு. உனக்கு வயசும் ஆச்சு."

"வயசாச்சு பிரபு. காது இருக்கு. மூணாவதையும் கேட்டேன். கேட்டுட்டு நின்னேன். அப்புறம்தான் போனேன்."

பிரபு எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பவுசதோர் என்ற அந்தச் சொல்லைச் சொன்னார். எழுத்தர் எழுதிக்கொண்டார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் பலவிதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். பீடத்தின்மேல் பொய் சொல்லப் பயந்தார் என்று பாதிரியார் சொல்கிறார். பயந்தவர்தான், ஆனால் இதைவிடப் பெரிய பொய்களை அதே பீடத்தில் அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஆட்டுமந்தை வழக்குகளில். அண்ணனுக்கு ஈடு செய்தார் என்று கீழ்ச் சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். அது கேட்க நன்றாக இருக்கிறது, அதனாலேயே எனக்குச் சந்தேகம். கல்லுக்கு அந்தப் பக்கம் அவர் நின்ற அந்த ஒரு மூச்சு நேரம்தான் எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. ரெண்டு என்று சொல்லியிருந்தால் அந்த மூச்சுக்கு அர்த்தம் இல்லாமல் போயிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. தெரியவில்லை. என் அப்பாவிடம் கேட்டேன். "பெரிய மனுஷங்க விஷயம்," என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தீனி வைக்கப் போய்விட்டார்.

கோயில் வாசலில் அர்னாவ் அப்பாவின் முன்னால் வந்து நின்றான்.

"எனக்கு ஒரு கை போச்சு. அது பரவாயில்ல. மீதி எல்லாத்தையும் நீங்க ஒரே வார்த்தையில வெட்டிட்டீங்க."

"ஆமா," என்றார் கெராவ்.

"இனிமே நான் யாரு? பவுசதோர் மகன். எந்த வீட்டுல எனக்குச் சோறு போடுவாங்க?"

"உன் தம்பி உயிரோட இருக்கான்."

"அவனைக் காப்பாத்துனதுக்கு யாரு உங்களைக் குத்தம் சொன்னா? காப்பாத்திட்டு, வாயை மூடியிருக்கலாமே!"

அர்னாவ் அவர் காலடியில் துப்பிவிட்டுப் போனான். அன்றே கடற்கரைக்குக் கிளம்பிவிட்டான். படகுப் படையில் ஒற்றைக் கையனையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று சொன்னார்கள். பிறகு அவனைப் பற்றிச் செய்தி இல்லை.

கோபுரத்தை இடிக்க எங்களைத்தான் கூப்பிட்டார்கள். மேல்கல்லிலிருந்து தொடங்கினோம். முதல் நாளே ஒருவன் சறுக்கி விழுந்து இடுப்பொடிந்தான்.

கெராவை மலையை விட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள். சவுரினாவையும் சின்னவனையும் மைத்துனர் வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினார். நடுப்பகலில், ஆற்றுத் துறையில், கொம்பாவும் அவர் ஆட்களும் காத்திருந்தார்கள். ஒளிந்திருக்கவில்லை. துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து ஓரமாகப் போய் நின்றார்கள். கொம்பாவ், "என் மகனுக்கு," என்றார். கெராவ் வாளை உருவி இரண்டு பேரைத் தண்ணீரில் வீழ்த்தினார். மூன்றாமவன் அவர் பின்னந்தொடையை வெட்டினான். அவர் முழங்காலிட்டு விழுந்தபிறகு கொம்பாவ் தானே இறங்கி வந்து தலைமுடியைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்தினார். வெட்டவில்லை. அழுத்திக்கொண்டே இருந்தார். கெராவ் நெடுநேரம் கைகளால் அடித்துக்கொண்டிருந்தார் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். யாரும் வழக்குப் போடவில்லை. போட முடியாது.

உடலை மைத்துனர் வீட்டுக்குக் கொண்டுபோன வண்டியோடு நானும் போனேன். சவுரினா முற்றத்தில் வெந்நீரோடு காத்திருந்தார். முகத்தைக் கழுவினார், தாடியில் ஒட்டியிருந்த மணலை விரலால் எடுத்தார். உதவிக்கு வந்த அண்ணி, "என்ன இருந்தாலும் கடைசியில உண்மையைச் சொன்ன மனுஷன், தாயி. மனசைத் தேத்திக்கோ," என்றாள்.

சவுரினா துணியைப் பிழிந்து கீழே எறிந்தார்.

"யாருக்கு வேணும் உண்மை? ஒரு வார்த்தை பொய் சொல்லியிருந்தா இந்நேரம் உயிரோட உட்கார்ந்திருப்பாரு. நானும் பொய் சொன்னீங்களேன்னு திட்டிக்கிட்டு இருப்பேன்."